அண்ணனின் ஆட்டோவில் ஏறிய சாமிகள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. உங்களில் பாதிப் பேர் அவருடைய ஆட்டோவில் ஏறியவர்கள். மீதிப் பேர் அவருடைய ஆட்டோவுக்காகக் காத்து நின்றவர்கள். ஆனாலும் எழுதச் சொல்லி மதினி என்னிடம் கேட்டார்கள். "நீ பேப்பர்ல வேலை பாத்தவ. உள்ளதை எழுது. கூட்டிப் போடாத, கொறச்சும் போடாத" என்பது அவர்கள் உத்தரவு.

ஒரு நாளிதழில் பல ஆண்டுகள் செய்தி எழுதியும் பிறர் எழுதியதைத் திருத்தியும் பழகியவள் என்பதால், உறுதிசெய்ய முடியாத எதையும் இதில் சேர்க்கவில்லை. அண்ணன் யார் மீதும் கோபப்பட்டதே இல்லை என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். வண்ணார்பேட்டை சிக்னலில் அவருக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தியவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள்.

அண்ணன் பிறந்தது அம்பாசமுத்திரத்தில். அப்பா அங்கே ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் வேலை பார்த்தார். அண்ணன் எனக்கு ஆறு வயது மூத்தவர். பத்தாம் வகுப்பு வரை படித்தவர் என்று மலரின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். படித்தார், தேர்வும் எழுதினார். தேர்வு முடிவைப் பற்றி முதல் பக்கம் எதுவும் சொல்லவில்லை. அதை இங்கேயும் விட்டுவிடலாம். அந்த ஆண்டுதான் அப்பா இறந்தார். அதே மில்லில் மூட்டை தூக்கப் போன அண்ணன், பிறகு லாரி ஓட்டக் கற்றுக்கொண்டார். நான் கல்லூரியில் படித்தது அவர் தூக்கிய மூட்டைகளால். இதற்கு ஆதாரம் தேவையில்லை, நானே சாட்சி.

திருமணத்துக்குப் பிறகு வண்ணார்பேட்டைக்குக் குடிவந்தார்கள். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் வேனைச் சில ஆண்டுகள் ஓட்டினார். அந்த நிறுவனம் வேன்களை வேறொருவரிடம் ஒப்படைத்ததும் வேலை போனது. பழைய ஆட்டோ ஒன்றை வாங்கினார். அண்ணனுக்கும் மதினிக்கும் பிள்ளைகள் இல்லை. இதைப் பற்றி அவர்கள் என்னிடம் ஒருபோதும் பேசியதில்லை என்பதால், நானும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆட்டோ வாங்கிய இரண்டாம் ஆண்டில் அவருக்குப் பள்ளிச் சவாரி கிடைத்தது. காலையும் மாலையும் ஆறு பிள்ளைகள். மூத்தவள் ஜோஸ்பின், இரண்டாம் வகுப்பு. அவளுடைய குடும்பம் கடற்கரை ஊரிலிருந்து படிப்புக்காக டவுனுக்கு வந்தது. அப்பா கப்பல் வேலை, அம்மா மட்டும் பிள்ளையோடு இங்கே இருந்தார். அடுத்தவன் இசக்கி, ஒன்றாம் வகுப்பு. அவன் அப்பாவுக்குக் கங்கைகொண்டானில் ஷிப்ட் வேலை. மூன்றாமவள் நஸ்ரின், யு.கே.ஜி. அவள் வாப்பா வண்ணார்பேட்டையில் தையல்கடை வைத்திருந்தார். மற்ற மூவரும் எல்.கே.ஜி. அவர்கள் பெரும்பாலும் தூங்கிவிடுவார்கள் என்பதால் இந்தக் கட்டுரையில் அவர்களுக்கு வேலை குறைவு.

அண்ணன் வாங்கும்போதே ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. பிள்ளையார், இயேசு, பள்ளிவாசல் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமே, அந்த ஸ்டிக்கர். நம் ஊரில் பாதி ஆட்டோவில் அது உண்டு. ஓட்டுகிறவர்களோ ஏறுகிறவர்களோ அதைப் பார்ப்பதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகள்தான் கண்ணில் பட்டதையெல்லாம் பார்ப்பார்கள். ஒருநாள் காலை நடந்த உரையாடலை அண்ணன் அன்று மாலையே என்னிடம் ஒப்பித்தார். அவர் சொன்னபடியே தருகிறேன்.

"ஏட்டி நஸ்ரின், பிள்ளையாரு எங்க சாமி. இயேசு ஜோஸ்பின் சாமி. ஒங்க சாமிய மட்டும் காணும், வெறும் கட்டடம்தான் இருக்கு" என்றான் இசக்கி.

"எங்க அல்லாஹ்வுக்குப் போட்டோ கெடையாது" என்றாள் நஸ்ரின்.

"போட்டோ புடிக்கயில ஊருக்குப் போயிருந்தாவளா?"

"எங்கயும் போகல. எல்லா இடத்துலயும் இருப்பாங்க. ஆனா யாரும் பாக்க முடியாது."

"இந்த ஆட்டோக்குள்ளயுமா?"

"ஆமா."

இசக்கி பின்சீட்டை ஒருமுறை எண்ணினான். "மாமா, அப்பம் நம்ம ஏழு பேரு. போலீஸ் புடிக்கும்லா?"

அண்ணன் என்னிடம் சொன்னது: "நான் கண்ணாடியில பின்னால பாத்தேன். ஆறு பேருதான் இருந்தாவ. எதுக்கும் இருக்கட்டும்னு சிக்னல் பக்கம் போகாம அடுத்த தெரு வழியா போயிட்டேன்."

அல்லாஹ்வுக்கு ஏன் படம் இல்லை என்று இசக்கி மறுபடி கேட்டபோது, அண்ணன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிச் சமாளிக்கவில்லை. "விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றார். இது அவருடைய தொழில் வழக்கம். தெரியாத முகவரிக்குச் சவாரி வந்தால், அந்தத் தெருமுனைக்குப் போய் அங்கே குடியிருப்பவரிடம்தான் வழி கேட்பார். பக்கத்துத் தெருக்காரரிடம் கேட்கமாட்டார். பக்கத்துத் தெருக்காரர் தெரியாவிட்டாலும் கை நீட்டிவிடுவார் என்பது அவர் அனுபவம். சாமி விஷயத்திலும் அதையே கடைப்பிடித்தார். நஸ்ரினின் சாமியைப் பற்றி மேலப்பாளையத்தில் ஒரு பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் கேட்டார். ஜோஸ்பினின் சாமியைப் பற்றித் தேவாலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளையிடம் கேட்டார். இசக்கியின் சாமியைப் பற்றி அவர்கள் குலதெய்வமான சுடலைமாடன் கோயில் பூசாரியிடம் கேட்டார். ஏன் பெரிய ஆலிம்களிடமும் ஃபாதர்களிடமும் கேட்கவில்லை என்றேன். "கதவைத் தொறந்து பூட்டுத ஆளுக்குத்தாம்மா உள்ள இருக்கவங்க பழக்கவழக்கம் தெரியும்" என்றார்.

மோதினார் சொன்ன பதில் மறுநாள் ஆட்டோவுக்கு வந்தது. படம் போட்டால் அந்தப் படத்தின் அளவுதான் இறைவன் என்று நினைத்துவிடுவோம். அளவு கிடையாது, அதனால் படமும் கிடையாது. இசக்கி அதை ஏற்றுக்கொண்டான். ஆனால் அளவே இல்லாதவர் ஆட்டோவுக்குள் எப்படி ஏறினார் என்பது அவனுக்கு அடுத்த சந்தேகம். "அது நாளைக்கு" என்றார் அண்ணன். பள்ளிக்கூடம் வந்துவிட்டிருந்தது.

அடுத்த வாரம் ஜோஸ்பினின் முறை. ஸ்டிக்கரில் இயேசு சிலுவையில் இருந்தார்.

"ஒங்க சாமிய ஏன் ஆணி அடிச்சு வச்சிருக்காவ?" என்று இசக்கி கேட்டான்.

"கெட்டவங்க அடிச்சிட்டாங்க."

"போலீஸ்ல சொல்லலையா?"

"போலீஸ்தான் அடிச்சாங்க" என்றாள் ஜோஸ்பின்.

இதையும் அண்ணன் விசாரிக்கப் போனார். கோயில்பிள்ளையிடம் கேட்டதற்கு, அடித்தவர்களையே இயேசு மன்னித்துவிட்டார், அதுதான் முக்கியமான செய்தி என்று பதில் வந்தது. செய்தி என்ற முறையில் அது சரியான பதில் என்றே நான் கருதுகிறேன். இசக்கி மட்டும் தன் கருத்தைப் பதிவுசெய்தான். "எங்க சுடலைன்னா விட்டிருக்க மாட்டாரு."

பேச்சு சுடலைக்கு வந்துவிட்டதால், அவர் சுருட்டுப் பிடிப்பார் என்பதும் வெளியே வந்தது. சுருட்டுப் பிடித்தால் கேன்சர் வரும் என்று மிஸ் சொல்லியிருப்பதாக ஜோஸ்பின் ஆட்சேபித்தாள். அண்ணன் பூசாரியிடம் போனார். பூசாரி சொன்ன பதில் இது: "ஊருக்குக் காவல் நிக்கவருலா. விடிய விடிய முழிச்சிருக்கணும். வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் குடுக்க மாதிரி நாம ஒரு சுருட்டு குடுக்கோம்." இந்தப் பதில் ஆட்டோவில் எல்லோருக்கும் பிடித்தது. அப்படியானால் அவர் பகலில் தூங்குவாரா, தூங்கும்போது ஊரை யார் பார்ப்பார்கள் என்று நஸ்ரின் கேட்டாள். "எங்க அல்லாஹ் தூங்கவே மாட்டாங்க. பகல்ல அவங்க பாத்துப்பாங்க" என்று தானே ஏற்பாடும் செய்தாள்.

இப்படியே இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. கெடுத்தது ஐப்பசி மழை.

அன்று மாலை பள்ளிவிட்டுத் திரும்பும்போது, ரயில்வே பாலத்துக்கு அடியில் முழங்கால் அளவு தண்ணீர். அதன் நடுவில் ஆட்டோ நின்றுபோனது. அண்ணன் இறங்கித் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி லீவரை இழுத்தார். கிளம்பவில்லை. மறுபடி துடைத்தார். உள்ளே பிள்ளைகள் நனையாமல் இருக்கத் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்ததால், அங்கே நடந்தது அவர் காதில் விழுந்ததே தவிர, கண்ணில் படவில்லை. அவரவர் சாமியை அவரவர் வேண்டிக்கொண்டார்கள். லீவர் இழுபட்டது. பலனில்லை.

அப்போதுதான் மூத்தவளான ஜோஸ்பின் ஒரு யோசனை சொன்னாள். "நாம தெனமும் கேட்டுக்கிட்டே இருக்கோம். அவங்களுக்குச் சலிச்சிருக்கும். புதுசா ஒரு ஆளு கேட்டாக் குடுப்பாங்க. மாத்திக் கேப்போம்."

யார் யாரிடம் கேட்பது என்று அவளே பிரித்துக் கொடுத்தாள். மீதி, பிள்ளைகளே பிறகு என்னிடம் நடித்துக் காட்டியது. இசக்கி நஸ்ரினைப் போல் இரு கைகளையும் ஏந்தினான். நஸ்ரின் நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் தொட்டுச் சிலுவை போட்டாள். ஜோஸ்பின் கண்ணை மூடிச் சுடலைமாடனிடம், ஊருக்குப் போனதும் சுருட்டு அனுப்புவதாகச் சொன்னாள். அடுத்த இழுப்பில் ஆட்டோ கிளம்பியது.

பிளக்கில் இருந்த ஈரம் காய்ந்ததால்தான் கிளம்பியது என்று அண்ணன் வழிநெடுக எடுத்துச் சொன்னார். ஆறு பேரில் ஒருவர்கூட நம்பவில்லை. தூங்கிக்கொண்டிருந்த எல்.கே.ஜி. பிள்ளைகள் மூவரும் விழித்துக்கொண்டு, அவர்களும் நம்ப மறுத்தார்கள்.

அதற்கடுத்த நாட்களில் மூன்று வீடுகளில் மூன்று சம்பவங்கள் நடந்தன. மூன்றையும் சம்பந்தப்பட்டவர்களிடமே கேட்டு உறுதிசெய்திருக்கிறேன். விளைவாக அண்ணன் மேல் மூன்று புகார்கள் வந்தன. ஒவ்வொரு மதத்திலிருந்தும் சரியாக ஒன்று. பெற்றோர் கூடிப் பேசுவது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை நஸ்ரின் வாப்பாவுக்குத் தொழுகை. ஞாயிற்றுக்கிழமை ஜோஸ்பின் அம்மாவுக்குப் பூசை. செவ்வாய்க்கிழமை இசக்கி வீட்டில் விரதம். சனிக்கிழமை மாலை ஒத்துவந்தது. அண்ணன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு மதினி எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். நானும் இருந்தேன்.

ஜோஸ்பினின் அம்மா முதலில் தொடங்கினார். "அண்ணாச்சி, எங்க பிள்ளை மாதா படத்துக்குத் திருநீறு பூசி வச்சிருக்கு. கேட்டா, 'இப்பம் கேளுங்கம்மா, ஒடனே குடுப்பாங்க'ங்குது."

"எங்க வீட்டுல சாப்பிட உக்காந்தா பிஸ்மி சொல்லுவா. நேத்து சிலுவையும் போட்டுட்டு பிஸ்மியும் சொல்லுதா. ரெண்டும் சேந்தா சீக்கிரம் நடக்குமாம்" என்றார் நஸ்ரினின் வாப்பா.

"நீங்க பரவால்ல" என்றார் இசக்கியின் அப்பா. "எங்க குலதெய்வத்துக்குக் கொடைத் திருவிழா வருது. வீட்டுல இருக்க சாமி படத்தை எல்லாம் இவன் சொவரு பக்கமாத் திருப்பி வைக்கான். 'படம் வச்சா சாமி அளவு கொறஞ்சிரும்ப்பா'ங்கான். எங்க அம்மை ரெண்டு நாளா சாப்பிடல."

மூவரும் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் தம் வீட்டு விஷயம் வரும்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கடைசியில் நஸ்ரினின் வாப்பா தீர்ப்பைச் சொன்னார்.

"நீங்க நல்ல மனுசன் அண்ணாச்சி. அதுல எங்க யாருக்கும் சந்தேகம் இல்ல. ஆனா இனிமே ஆட்டோக்குள்ள சாமிப் பேச்சே வேண்டாம். இன்னொரு மட்டம் இப்படி வந்துதுன்னா பிள்ளைகள ஸ்கூல் வேன்ல விட்டுருவோம். ஆறு பேரையும்."

 அண்ணன் வாசலில் நின்ற ஆட்டோவின் பின்சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சீட் சுத்தமாகத்தான் இருந்தது. "சரி" என்று மட்டும் சொன்னார். வேறு சவாரி கிடைக்காதா என்று யாராவது நினைக்கலாம். வண்ணார்பேட்டையில் ஆட்டோவுக்குச் சவாரிப் பஞ்சம் இல்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று மதினி பிறகு சொன்னார்கள். அதை நான் நேரில் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை அந்த ஸ்டிக்கர் கண்ணாடியில் இல்லை. பிளேடால் சுரண்டி எடுத்திருந்தார்.

"மாமா, சாமியெல்லாம் எங்க?" என்று நஸ்ரின் கேட்டாள்.

"வீட்டுல கேளு."

"ஏன் சாமிய எடுத்தீங்க?" என்று ஜோஸ்பின் கேட்டாள்.

"அதையும் வீட்டுல கேளு."

பிள்ளைகள் அவர் சொன்னபடியே செய்தார்கள். எல்லாவற்றையும் வீட்டில் கேட்டார்கள். பெற்றோர் போட்ட உத்தரவில் இருந்த குறை இதுதான். கேள்விகளை அவர்கள் தடைசெய்யவில்லை. கேள்விகள் வந்து சேரும் இடத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதுவும் தம் சாமியைப் பற்றிய கேள்வி என்றால் எப்படியாவது சமாளித்துவிடலாம். பிள்ளைகள் கேட்டதெல்லாம் அடுத்தவர் சாமியைப் பற்றி.

ஒன்பதாம் நாள் மாலை இசக்கியின் அப்பா டீக்கடையில் அண்ணனைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். மூணு நாளா இந்தப் பய உயிரை வாங்குதான். இயேசு செத்து மூணாம் நாள் எந்திரிச்சாராம்லா. இடையில எங்கன இருந்தாருன்னு கேக்கான். எனக்கு எப்படிவே தெரியும்?"

"சாமிப் பேச்சு வேண்டாம்னு சொன்னியளே."

"ஆட்டோக்குள்ளதான வேண்டாம்னோம். இது டீக்கடை."

அண்ணன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அந்தத் தெருவுல கேக்கணும். ஜோஸ்பின் அம்மாட்ட கேளும்" என்றார்.

"நான் எப்படிப் போய்க் கேக்க?"

"பிள்ளைக்குப் பதில் வேணுமா, வேண்டாமா?"

இசக்கியின் அப்பா போய்க் கேட்டார். ஜோஸ்பினின் அம்மாவுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அவர் கோயில்பிள்ளையிடம் கேட்டார். பாதாளத்துக்கு இறங்கி அங்கே காத்திருந்தவர்களை வெளியே அழைத்து வந்தார் என்று பதில் கிடைத்தது. இசக்கியின் அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. "அப்பம் சும்மா படுத்துக்கெடக்கல. டூட்டி பாத்திருக்காரு" என்று டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னார். அடுத்த வாரம் ஜோஸ்பினின் அம்மா, கொடையில் சாமி ஆடுகிறவர் மேல் சுடலை இறங்குவது எப்படி என்று கேட்டு இசக்கி வீட்டுக்குப் போனார். இசக்கியின் பாட்டி அவரை இரண்டு மணி நேரம் விடவில்லை. நோன்புக் காலத்தில் எச்சில் விழுங்கலாமா என்று கேட்டு இசக்கியின் அப்பா தையல்கடைக்குப் போய், ஒரு சட்டைக்கு அளவும் கொடுத்துவிட்டு வந்தார்.

நஸ்ரினின் வாப்பாதான் கடைசியாக வந்தார். அவர் கொண்டுவந்த கேள்விக்குச் சிரிக்க முடியவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில், வண்டிக்கு வெளியே நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்.

"அண்ணாச்சி, எம்பிள்ள கேக்கா. இசக்கியும் ஜோஸ்பினும் சொர்க்கத்துக்கு வருவாங்களா, இல்ல அவ மட்டும் தனியாப் போகணுமான்னு. தனியான்னா அவ போகலையாம். நான் என்ன சொல்ல?"

"அது ஒங்க தெருக் கேள்விலா" என்றார் அண்ணன்.

"அதான் கேக்க வாய் வரல. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

அண்ணன் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். மூன்று பேரிடமும் கேட்டார் என்று எனக்குத் தெரியும். கோயில்பிள்ளையும் பூசாரியும் என்ன சொன்னார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. மோதினார் சொன்னதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார். "அந்தப் பட்டியல் அல்லாஹ் கையில இருக்கு. நம்ம கையில குடுத்திருந்தா நாம யாரையும் சேத்திருக்க மாட்டோம். அதான் அவனே வச்சிருக்கான்." 

மறுநாள் காலை நஸ்ரினின் வாப்பா மகளைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு, "இவ இன்னொரு கேள்வி வச்சிருக்கா. போற வழியில கேட்டுக்கிடுங்க" என்றார். தடை நீங்கியதாக யாரும் அறிவிக்கவில்லை. அந்த ஆறு பேரும் அண்ணனின் ஆட்டோவிலேயே போனார்கள். அவர் ஓட்டிய கடைசி நாள் வரை போனார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தார். பார்க்க வந்தவர்களிடம் தன் உடம்பைப் பற்றிப் பேசியதைவிட, அவருக்குப் பதிலாகப் பள்ளிச் சவாரி போன நண்பருக்குச் சொல்லியனுப்பியதுதான் அதிகம். ஜோஸ்பினைப் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்தால் வாந்தி எடுப்பாள். இசக்கியின் தண்ணீர் பாட்டிலை இறங்கும்போது எண்ண வேண்டும். நஸ்ரின் தூங்கிவிட்டால் பைய எழுப்ப வேண்டும், திடீரென்று எழுப்பினால் அழுவாள். பத்தாம் நாள் என்னிடம், "பிள்ளைகளுக்கு லேட் ஆயிரக் கூடாதும்மா" என்றார். பதினோராம் நாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். உண்மையை மறைக்காமல் எங்களிடம் சொன்ன மருத்துவர், ஐந்து நாள் வீட்டுக்கே போகாமல் பார்த்துக்கொண்ட செவிலியர், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள், சவாரியை ஒருநாளும் தவறவிடாத அந்த நண்பர், மதினியைத் தனியே விடாமல் முறைவைத்து உடனிருந்த தெருப் பெண்கள், கொள்ளி வைத்த சித்தப்பா மகன், பந்தல் போட்டவர்கள், சமைத்தவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மோதினாரும் கோயில்பிள்ளையும் பூசாரியும் அன்று வந்திருந்தார்கள். அதுவரை ஒருவரையொருவர் பார்த்திராத அந்த மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

இன்னொரு நன்றியும் இருக்கிறது. அதற்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

அன்று பிற்பகல் சடங்கு நடத்த வந்த பெரியவர், குளிப்பாட்டி முடித்ததும் கூட்டத்தைப் பார்த்து, "பேரன் பேத்தி யாரும் இருக்காவளா? நெய்ப்பந்தம் பிடிக்கணும்" என்று கேட்டார். பேரப்பிள்ளைகள் பந்தம் ஏந்தி உடலைச் சுற்றி வருவது நம் வழக்கம். இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அது உறுதியான தகவல்தான்.

"ஆறு பேரு இருக்காவ" என்றார்கள் மதினி.

பிள்ளைகள் அப்போது வாசலில் நின்ற ஆட்டோவுக்குள் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. மதினியின் குரல் கேட்டு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். பெரியவர் வேறெதுவும் கேட்காமல் ஆறு குச்சிகளில் துணி சுற்றி நெய்யில் நனைத்தார். ஜோஸ்பினின் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு மகளை முன்னால் விட்டார். நஸ்ரினின் முறை வந்தபோது எல்லோரும் அவள் வாப்பாவைப் பார்த்தார்கள்.

அவர் பெரியவரிடம் போய், "பெரியவரே, தப்பா நெனைக்காதீங்க. எங்க பிள்ள பந்தம் பிடிக்காது. எங்களுக்கு வழக்கம் இல்ல. கூட நடக்கட்டும்" என்றார். பெரியவர் தலையாட்டிவிட்டு ஆறாவது குச்சியைக் கீழே வைத்தார்.

ஐந்து பந்தங்கள் எரிந்தன. இசக்கிக்கும் ஜோஸ்பினுக்கும் நடுவில் நஸ்ரின் நடந்தாள். அவள் கையில் எதுவும் இல்லை. ஆனால் வலது கையை இறுக மடக்கி, மற்ற ஐவரும் பிடித்த அதே உயரத்தில் பிடித்துக்கொண்டு, மூன்று சுற்றும் சுற்றினாள். நெய் சொட்டிவிடாமல் இருக்க, அவர்களைப் போலவே கையைச் சற்று விலக்கியும் வைத்திருந்தாள்.